நேட்டால் கப்பல் பட்டியலில் பிழைப்புக் கணக்கு: பன்னிரண்டு வரியும் அறுபது மாதமும்

ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கிய ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும்வரை உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? கப்பல் பட்டியலை வைத்து இதற்கு விடை எடுக்கும் வழி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அதே பட்டியலைக் கொண்டு இருபது ஆண்டுக்குப் போட்ட கணக்கு தேறவில்லை. சர்வைவல் அனாலிசிஸ், அதாவது மரணம் போன்ற ஒரு நிகழ்வு வரும்வரை எவ்வளவு காலம் என்று அளக்கும் முறை, கற்க நினைக்கும் சமூகவியல், மக்கள்தொகை மாணவர்களுக்கு இரண்டுமே பயன்படும் என்பதால் செய்த வரிசையிலேயே எழுதுகிறோம். பாடப் பயிற்சிகளில் வரும் மருத்துவமனைத் தரவில் தொடக்க நாளும் முடிவு நாளும் நிரப்பியே கைக்கு வரும். நம் துறையில் அந்த இரண்டு நாட்களைத் தீர்மானிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு.

தரவு எங்கிருந்து என்று முதலில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் சேர்ந்தது. 1866 முதல் 1874 வரை வரவு நின்றது. மறுபடி தொடங்கி 1911 வரை நடந்தது. மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம், முதலாளி ஆகியவை கப்பல் வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் வழியாக இந்தப் பட்டியல் பலருக்கும் பழக்கம். டர்பன், டொங்காட், வெருலம் பக்கம் பாட்டன் பூட்டனின் காலனி எண்ணைத் தேடி எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. குடும்பத்தார் ஒரு வரியைத் தேடுகிறார்கள். நமக்கு எல்லா வரியும் வேண்டும், முக்கியமாக, இறந்ததையோ திரும்பியதையோ எழுதும் குறிப்புக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள்.

செலவு அதிகமில்லை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் அதன் 'சர்வைவல்' (survival) தொகுப்பும் இலவசம். எட்டு ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் கட்டாயம் வேண்டும். உண்மையான செலவு மனித உழைப்பு. எத்தனை வரி படியெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் அந்தக் கணக்கு ஆட்களின் எண்ணிக்கையில் தொடங்குவதில்லை, மரணங்களின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. சம அளவான இரண்டு குழுக்களில் ஒன்றின் அபாய வீதம் (அதுவரை உயிரோடு இருப்பவர் இறக்கும் வேகம்) மற்றதைவிட ஒன்றரை மடங்கு என்றால், அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 191 மரணங்கள் வேண்டும். பத்தில் ஒருவர் இறந்திருப்பார் என்று வைத்துக்கொண்டால் 1,910 வரி. வரிக்கு இரண்டு நிமிடம் என்றால் 64 மணி நேரம். இருவர் தனித்தனியாகப் படியெடுத்து ஒப்பிட்டால் அது இரட்டிப்பாகும். ஒப்பிடுவதைத் தவிர்க்கக் கூடாது: பழைய கையெழுத்தில் 1, 7 குழம்பும், 3, 8 குழம்பும், காலனி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒருவரின் மரணம் இன்னொருவரின் கணக்கில் ஏறிவிடும்.

பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம். மூன்சாமி, முனுசாமி, முனிசாமி எல்லாம் ஒருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். கவுண்டர் கோவேந்தர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் நம்மவர்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. காலனி எண்ணை வைத்து இணைத்துவிட்டு, பெயரையும் தகப்பன் பெயரையும் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினால் தமிழ் காது நல்ல உதவி.

அடுத்து தேதி. இங்கேதான் முதல் பெரிய அடி விழும். எக்செல் 1900க்கு முந்தைய நாளைத் தேதியாக ஏற்காது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே 1884இல் வந்து 1903இல் திரும்பியவரின் வரியில் ஒரு கட்டம் எழுத்து, மறு கட்டம் எண். கழித்தால் பிழை வரும். பிழை வந்தால்கூட நல்லது, கண்ணில் படும். வரிசைப்படுத்தினால் ஒன்றும் சொல்லாமல் குலைத்துவிடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க் பழைய தேதியை ஏற்கும். இன்னும் பாதுகாப்பு, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று தனிக் கட்டங்களில் எண்ணாகப் பதிந்து ஆரில் சேர்ப்பது. ஆண்டை நான்கு இலக்கத்தில் மட்டுமே எழுதுங்கள். இரண்டு இலக்கமாகக் கொடுத்தால் ஆர் 69 முதல் 99 வரை 1900களாகவும், 00 முதல் 68 வரை 2000களாகவும் எடுத்துக்கொள்ளும். 66இல் வந்து 71இல் திரும்பியவர் 2066இல் வந்து 1971இல் திரும்பியவர் ஆகிவிடுவார். 75இல் வந்து 80இல் திரும்பியவருக்கோ ஐந்தாண்டு சரியாகவே வரும்; அதனால் தவறு பாதி வரிகளில் மறைந்து நிற்கும்.

மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் ஜூலை 1 என்று வைக்கலாம். ஆனால் 'இது ஊகத் தேதி' என்று ஒரு தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். வந்த ஆண்டிலேயே இறந்தவருக்கு இந்த விதி எதிர்மறைக் காலத்தைக் கொடுக்கும்: அக்டோபரில் இறங்கியவர் ஜூலையில் இறந்ததாக வரும். அங்கே வந்த நாளுக்கும் டிசம்பர் 31க்கும் நடுநாளை எடுக்க வேண்டும். வந்த நாளிலேயே இறந்தவருக்குக் காலம் பூஜ்ஜியம். ஸ்டேட்டா (Stata) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் அப்படிப்பட்ட வரியைக் கணக்கிலிருந்து விலக்கிவிடும். ஆரில், பிழைப்புக் காலத்துக்கு ஒரு சூத்திர வளைவைப் பொருத்தும் வெய்புல் மாதிரி ஓட மறுக்கும். அரை நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கரையில் இறங்கியதும் இறந்தவர்கள்தான் பயணத்தின் கொடுமையைச் சொல்லும் வரிகள். அவை காணாமல் போகக் கூடாது.

பெரிய கோப்பைத் தொடும் முன் பன்னிரண்டு வரியைக் கையால் போட்டுப் பார்ப்பது இந்த வேலையிலேயே சிறந்த முதலீடு. கீழே உள்ளவை பயிற்சிக்காக எழுதிய எண்கள், உண்மையான மனிதர்களின் வரிகள் அல்ல. வந்த நாளிலிருந்து மாதக் கணக்கு:

இறப்பு: 4, 9, 22, 47, 88.
இந்தியா திரும்பியது: 63, 124.
அதற்குப் பின் தகவல் இல்லை: 14, 31, 60, 60, 130.

பன்னிரண்டில் ஐந்து பேர் இறந்தார்கள், ஆகவே பிழைத்தவர் 7/12, அதாவது 0.583 என்பது முதலில் கை போகும் கணக்கு. தகவல் இல்லாதவர்கள் எல்லாரும் சாகாமலே இருந்தார்கள் என்று அது அனுமானிக்கிறது. சரி, தகவல் இல்லாத ஐவரை நீக்கிவிடலாம் என்றால் ஏழில் இருவர், 0.286. இது மறுபக்கம் சாய்கிறது: ஒருவர் 130 மாதம் உயிரோடு இருந்தது நமக்குத் தெரியும், அந்த அறிவைத் தூக்கி எறிகிறோம்.

கப்லான், மையர் இருவரும் 1958இல் வெளியிட்ட வழி எளிது. ஒவ்வொரு மரணத்தின்போதும் அதுவரை கணக்கில் இருந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். 4ஆம் மாதம் 12 பேர், ஒருவர் இறக்கிறார்: 11/12. 9ஆம் மாதம் 11 பேர்: 10/11. பெருக்கினால் 0.833. 14இல் ஒருவர் கணக்கிலிருந்து விலகுகிறார், மரணமாக அல்ல. இதைத்தான் சென்சார் என்கிறார்கள். 22இல் 9 பேர்: 8/9, பெருக்கினால் 0.741. 31இல் ஒருவர் விலகுகிறார். 47இல் 7 பேர்: 6/7, 0.635. 60இல் இருவரும் 63இல் ஒருவரும் விலக, 88இல் மூவர்தான் மிச்சம்: 2/3, 0.423.

இந்த 0.423ஐ எவ்வளவு நம்பலாம்? கிரீன்வுட் சூத்திரப்படி ஒவ்வொரு படிக்கும் இறந்தவர் எண்ணிக்கையை, கணக்கில் இருந்தவரும் மிஞ்சியவரும் சேர்ந்த பெருக்குத் தொகையால் வகுத்துக் கூட்ட வேண்டும். ஐந்து படிகளின் கூட்டு 0.221, அதில் 0.167 கடைசிப் படி ஒன்றிலிருந்தே வருகிறது. கூட்டின் வர்க்கமூலத்தை 0.423ஆல் பெருக்கினால் திட்டப் பிழை ஏறக்குறைய 0.20. வளைவின் வால்பகுதி ஏன் நம்பத்தகாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கணக்கில் இருப்போர் எண்ணிக்கையைப் படத்தின் அடியில் அச்சிடாத எந்தப் பிழைப்பு வளைவையும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

ஆரில் 'சர்வ்' (Surv) கொண்டு காலத்தையும் நிகழ்வையும் கட்டி 'சர்வ்ஃபிட்'டில் (survfit) கொடுத்தால் இதே நான்கு எண்களும் வர வேண்டும். வராவிட்டால் நிகழ்வுக் கட்டத்தில் 1 எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். 1, 2 என்று குறியிட்டிருந்தால் ஆர் 2ஐத்தான் மரணமாக எடுத்துக்கொள்ளும். 0, 1 என்றே குறியிடுவது நல்லது.

திரும்பியவர்களை இதுவரை சென்சார் என்று வைத்தோம். மரணத்தின் வேகத்தை மட்டும் அறிய அது போதும். 'எத்தனை பேர் இந்த மண்ணில் இறந்தார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள்' என்று கேட்டால் அது போதாது. இதே பன்னிரண்டு வரியில் திரும்பியதை சென்சார் ஆக்கினால் இறந்தோர் பங்கு 0.577. மரணத்தை சென்சார் ஆக்கினால் திரும்பியோர் பங்கு 0.625. கூட்டினால் 1.2. நூறு பேரில் நூற்றிருபது பேருக்கு முடிவு வந்துவிட்டது! காரணம், திரும்பிப் போனவர் இங்கே இறக்க முடியாது. அவர் இருந்திருந்தால் என்ற கற்பனை உலகத்துக்குத்தான் கப்லான்-மையர் விடை சொல்கிறது. இரு முடிவுகளையும் போட்டி நிகழ்வுகளாக வைத்து, ஒவ்வொரு படியிலும் 'இதுவரை எந்த முடிவும் வராதவர்' பங்கை மட்டும் பகிர்ந்தால் இறந்தோர் 0.524, திரும்பியோர் 0.317, மீதம் 0.159. கூட்டு 1. ஆரில் நிகழ்வுக் கட்டத்தைக் குறியெண்ணாக வைக்காமல் 'ஃபேக்டர்' (factor, வகைப் பெயர்) ஆக்கி, சென்சாரை முதல் நிலையாக வைத்தால் 'சர்வ்ஃபிட்' தானே இதைச் செய்யும்.

இனி காலிக் கட்டம். தொடக்கத்தில் சொன்ன இருபது ஆண்டுக் கணக்கைக் கெடுத்தது இதுதான்.

குறிப்பு எதுவும் இல்லாத வரியை 1911 வரை உயிரோடு இருந்ததாக எடுத்தால் மரண வீதம் பொய்யாகக் குறையும். அப்படியானால் 'கடைசியாகத் தகவல் கிடைத்த நாளில்' சென்சார் செய்யலாமே என்று தோன்றும். பயிற்சி நூல்களும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கின்றன. மருத்துவமனையில் நோயாளி குறித்த நாளில் வந்துகொண்டே இருப்பார், அங்கே அது சரி. இங்கே உயிரோடு இருப்பவர் ஏதாவது நிகழ்ந்தால்தான் பதிவில் தெரிவார்: முதலாளி மாற்றம், திருமணம், குழந்தை பிறப்பு. மரணமோ தானே ஒரு பதிவு. ஆகவே இறந்தவருக்கு இறந்த நாள் வரை முழுக் காலமும் கணக்கில் ஏறுகிறது. பிழைத்தவருக்குக் கடைசிப் பதிவோடு காலம் வெட்டுப்படுகிறது. வகுக்கும் எண் சுருங்க, மரண வீதம் வீங்குகிறது. தேவாலயப் பதிவேடுகளை வைத்துக் குடும்பங்களை மீட்டெடுத்த ஐரோப்பிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதே சிக்கலைச் சந்தித்துத்தான் ஒரு விதி வைத்தார்கள்: கவனிப்புக் காலம் முடியும் நாளை, நாம் அளக்கும் நிகழ்வோடு தொடர்பில்லாத ஒன்று தீர்மானிக்க வேண்டும்.

நேட்டாலில் அப்படி ஒன்று இருக்கிறது: ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்த அறுபது மாதமும் தொழிலாளி ஒரு முதலாளியின் பொறுப்பில் பெயரளவிலாவது இருக்கிறார். இறந்தாலும், ஓடிப்போனாலும், வேறு தோட்டத்துக்கு மாற்றினாலும் பதிவுக்கு வர வாய்ப்பு அதிகம். ஒப்பந்தம் முடிந்தபின் அவர் காய்கறி பயிரிடலாம், மீன் பிடிக்கலாம், நிலக்கரிச் சுரங்கம் பக்கம் போகலாம், யாரும் எண்ணுவதில்லை. ஆகவே எல்லாருக்கும் 60 மாதத்தில் ஒரே கோடு. அதற்குப் பிந்தைய மரணம் பதிவில் இருந்தாலும் தொடக்கூடாது. 88ஆம் மாதத்து மரணத்தை விடுவது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் அதே காலத்தில் பதிவாகாமல் போன மரணங்கள் எத்தனை என்று தெரியாதபோது, பதிவான ஒன்றை மட்டும் சேர்ப்பது விடுபட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. தொழிலாளர் நிலையை விசாரித்த 1872 ஆணைக்குழுவுக்குப் பின்தான் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம் அமைந்தது என்பதால் 1874க்குப் பின் வந்தவர்களோடு தொடங்குவது உத்தமம். 1860 முதல் 1866 வரையான வரவைத் தனியாக வையுங்கள்.

அறுபது மாதத்துக்குள்ளும் காணாமல் போனவர் இருப்பார்கள். நம் பன்னிரண்டில் 14, 31 இருவர். ஓடிப்போனவர் அடி தாங்காமல் ஓடினாரா, நோயோடு ஓடினாரா என்பது தெரியாது. அவரும் தங்கியவரும் ஒன்று என்று சென்சார் முறை வைத்துக்கொள்வதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் எல்லை கட்டலாம். இருவரும் 60 வரை உயிரோடு இருந்தால் 8/12, 0.667. இருவரும் இறந்திருந்தால் 6/12, 0.500. கப்லான்-மையர் சொல்லும் 0.635 இரண்டுக்கும் இடையில். இந்த மூன்று எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும். தோட்டம் வாரியாகப் பிரித்தால் இடைவெளி எங்கே அகலமோ அங்கேதான் பதிவு மோசம். அந்த அகலமே ஒரு கண்டுபிடிப்பு.

இன்னொரு பொறி, சமூக ஆய்வில் அடிக்கடி விழுவது: 'ஒப்பந்தம் முடித்தவர்கள் முடிக்காதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள்.' முடிப்பதற்கே ஐந்தாண்டு உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவுக்கு அறுபது மாதம் சாகா நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. முதலாளி மாறியவர்கள், இங்கே திருமணம் செய்தவர்கள் என்று எப்படிப் பிரித்தாலும் இதே கதி. மாற்றம் நடந்த நாளில் வரியை இரண்டாக வெட்டி, முன்பகுதியை 'மாறாதவர்' கணக்கிலும் பின்பகுதியை 'மாறியவர்' கணக்கிலும் வைப்பதே வழி. ஆரில் 'டிமெர்ஜ்' (tmerge) இதற்கென்றே இருக்கிறது. வெட்டியபின் ஆட்களின் மொத்த மாதம் மாறவில்லை என்று கூட்டிப் பாருங்கள். நம் பன்னிரண்டுக்கு 652 மாதம், எத்தனை துண்டு போட்டாலும் 652.

அந்த 652ஐ வைத்தே இன்னொரு பயிற்சி. ஐந்து மரணத்தை 54.3 ஆள்-ஆண்டால் வகுத்தால் ஆயிரத்துக்கு 92. ஆனால் முதல் பன்னிரண்டு மாதத்தை மட்டும் பிரித்தால் 133 ஆள்-மாதத்தில் இரண்டு மரணம், ஆயிரத்துக்கு 180. மீதிக் காலத்தில் 519 ஆள்-மாதத்தில் மூன்று, ஆயிரத்துக்கு 69. ஒரே சராசரி வீதம் இரண்டையும் மறைத்துவிடும். வந்த புதிதில் அபாயம் கூடுதல் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கும் தரவில், காலத்தை 0–3, 3–12, 12–24, 24–60 மாதம் என்று வெட்டிப் படிப்படியான வீதம் பார்ப்பது எந்த அழகான வளைவையும்விடப் பேசும். வெட்டுவதற்கு 'சர்வ்ஸ்பிளிட்' (survSplit) போதும்.

குழுக்களின் அபாய வீதத்தை ஒப்பிட 1972இல் வந்த காக்ஸ் மாதிரியை எல்லாரும் முதலில் ஓட்டுவார்கள். கப்லான்-மையருக்கும் படிப்படியான வீதத்துக்கும் பின் மூன்றாவதாக ஓட்டுங்கள். குழுக்களின் அபாய விகிதம் காலம் முழுக்க ஒரே அளவு என்பது அதன் அடிப்படை. ஊர் திரும்புவதை நிகழ்வாக எடுத்தால் இது எங்கே உடையும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. முன்பு வந்தவர்களுக்குப் பத்தாண்டு முடித்தால்தான் இலவசப் பயணம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒப்பந்தமானவர்கள் ஐந்தாண்டு முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். ஆகவே திரும்பும் அலை ஒரு குழுவுக்கு 120ஆம் மாதத்தை ஒட்டியும் மற்றதற்கு 60ஆம் மாதத்தை ஒட்டியும் எழ வேண்டும். ஒரே ஒரு விகிதம் இரண்டையும் சராசரியாக்கி அர்த்தமில்லாத எண்ணைத் தரும். 'காக்ஸ்.ஸெட்பிஹெச்' (cox.zph) சோதனை இதைக் காட்டும். ஆனால் பல்லாயிரம் வரி இருந்தால் அற்ப விலகலையும் அது குற்றமாகக் காட்டும். பி-மதிப்பைவிடப் படத்தைப் பாருங்கள். அந்த மூன்று பவுண்டு வரி 1901 வாக்கில்தான் கைக்கு வந்து கடித்தது என்பதும், 1914இல் நீங்கியது என்பதும் நினைவிருக்கட்டும்: அது நாள்காட்டியோடு மாறும் காரணி, வந்த நாளிலேயே ஒட்டிவிடும் முத்திரை அல்ல.

ஆண்டு மட்டும் தெரிந்த வரிகள் அதிகமானால் ஒரே நாளில் பல மரணம் விழும். அப்படிச் சமன் வரும்போது ஆர் எஃப்ரான் முறையையும் ஸ்டேட்டா பிரெஸ்லோ முறையையும் இயல்பாக எடுக்கும். விடை மாறினால் குழம்ப வேண்டாம். சமன் மிகுந்தால் காக்ஸை விட்டு, ஆளுக்கு ஓராண்டுக்கு ஒரு வரி என்று கோப்பை விரித்து, அந்த ஆண்டில் இறந்தாரா இல்லையா என்று கேட்கும் லாஜிட் மாதிரியை ஓட்டுவது நேர்மையானது. நம் பன்னிரண்டு பேர் 59 வரியாக விரிவார்கள்.

வயதைப் பட்டியலில் உள்ளபடி நம்ப முடியாது. 20, 25, 30 என்று குவிந்திருக்கும். 20–24, 25–29 என்று பிரித்தால் குவியல் ஒவ்வொரு குழுவின் விளிம்பிலும் உட்காரும். 18–22, 23–27, 28–32 என்று பிரித்தால் நடுவில் வரும். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒரே நோயைப் பகிர்ந்தவர்கள் என்பதால் 'கிளஸ்டர்' கட்டத்தில் கப்பல் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நம்பக எல்லை பொய்யாகக் குறுகும். கடலில் இறந்தவர்களைச் சேர்க்க விரும்பினால் கடிகாரத்தைக் கப்பல் ஏறிய நாளில் தொடங்க வேண்டும். ஏறியவர் பட்டியல் முழுதாக இல்லாத கப்பல்களுக்கு டர்பனில் இறங்கிய நாளை நுழைவு நாளாகக் கொடுத்தால், கரை சேர்ந்தவர் கடலில் இருந்த காலம் தவறாகக் கணக்கில் ஏறாது.

அடுத்த முறை படியெடுக்கும்போது மாற்ற வேண்டியது ஒன்று: முடிவு நாளுக்குப் பக்கத்தில் 'இது எந்தப் பதிவிலிருந்து தெரிந்தது' என்ற கட்டம் முதல் வரியிலிருந்தே இருக்க வேண்டும். கப்பல் பட்டியலின் குறிப்பா, மரணப் பதிவா, திரும்பிய கப்பலின் பட்டியலா, முதலாளி மாற்றமா என்று ஒற்றை எழுத்துக் குறி போதும். பின்னால் சேர்ப்பதானால் எல்லா வரியையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். 60 மாதக் கோட்டை 61க்கோ 72க்கோ நகர்த்திப் பார்க்கவும் இந்தக் கட்டம்தான் துணை: கோட்டை நகர்த்தும்போது புதிதாகச் சேரும் மரணங்கள் எல்லாம் ஒரே வகைப் பதிவிலிருந்து வந்தால், அந்த நீட்சியை ஏற்காதீர்கள்.